கூத்துக் களத்தில் கார்டுலெஸ் மைக்

கம்பியில்லா மைக் என்பது கையடக்கமான ஒரு வானொலி நிலையம். குரலை மைக் மின்சமிக்ஞையாக மாற்றும். இடுப்பில் செருகிய டிரான்ஸ்மிட்டர் அதை வானலையாக வீசும். மிக்சருக்குப் பக்கத்தில் உள்ள ரிசீவர் பிடித்துத் திரும்ப ஒலிச்சமிக்ஞையாகக் கொடுக்கும். மைக்செட்காரர்கள் இதைக் கார்டுலெஸ் என்பார்கள். கல்யாண மண்டபத்தில் சமர்த்தாக வேலை செய்யும் இந்தக் கருவிக்கு விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் உண்மையான சோதனை, திரௌபதி அம்மன் திருவிழாவின் தெருக்கூத்துதான்.

அத்திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் ஒரே இடத்தில் இருந்து பேசுபவர்; அவருக்குக் கம்பி மைக்கே மேல். கூத்துக் கலைஞரோ சுழன்று ஆடியபடி பாட வேண்டும். தொங்கவிட்ட மைக்கின் அடியில் வரும்போது கேட்கும் குரலை, அவர் நகர்ந்ததும் முகவீணையும் மிருதங்கமும் விழுங்கிவிடும்.

காலர் மைக்கை வேடத்தின் மார்பில் குத்தினால் அணிகலன் உரசும் சரசரப்புதான் கேட்கும். தலையில் மாட்டும் மைக்கே ஏற்றது. அதைக் கிரீடம் கட்டுவதற்கு முன்பே மாட்டி, கன்னத்தோரமாக வாயின் கடைக்குக் கொண்டுவர வேண்டும். வாய்க்கு நேரே வைத்தால் ஒவ்வொரு பகரமும் ‘பட்’டென்று வெடிக்கும், மூச்சும் வியர்வையும் உள்ளே இறங்கும்.

600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 செ.மீ.; அதில் கால் பங்கான சுமார் 12.5 செ.மீ. அளவில் டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா இருக்கும். அதை மடித்துச் செருகக் கூடாது. வியர்த்த உடல் அலையை உறிஞ்சும், ஜிகினாத் தகடு மறைக்கும். ஆகவே டிரான்ஸ்மிட்டர் பெட்டி இடுப்பின் பின்புறத்தில், உடைக்கு வெளியே இருப்பது நல்லது. ரிசீவரை மேசைக்கடியில் தள்ளிவிடுவது பரவலான வழக்கம், பாதிக் கோளாறுகளுக்கு அதுவே வேர். உட்கார்ந்திருப்போர் தலைக்கு மேலே, களம் நேராகத் தெரியும் உயரத்தில் அது இருக்க வேண்டும். இரண்டு ஆன்டெனா உள்ள ரிசீவர் எந்தக் கணத்தில் எதில் அலை வலுவாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஆட்டக்காரர் சுற்றும்போது குரல் அறுபடுவது குறையும்.

அடுத்தது அலைவரிசை. 2022 அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. அந்தப் பட்டையில் இயங்கும் பழைய செட்டுகளை நம்ப முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குகள் விலை மலிவு. ஆனால் மாலையில் காலித் தெருவில் அருமையாகப் பேசிய மைக், கூட்டமும் அவரவர் கைபேசிகளும் சேர்ந்த பிறகு திக்கும். சீரியல் விளக்கு, எல்.இ.டி. பலகை எல்லாவற்றையும் எரியவிட்டுத்தான் காலியான சேனலைத் தேட வேண்டும். இரண்டு மைக்குகள் 600, 601 மெகாஹெர்ட்ஸ் என ஓடினால் அவை கலந்து 599, 602 ஆகியவற்றிலும் இரைச்சல் கிளம்பும். மூன்றாவது மைக்கை அங்கே வைக்கக் கூடாது.

உள்ளே வரும் ஒலியின் அளவைத் தீர்மானிக்கும் கெயினை ‘ஹலோ, செக்’ சொல்லி வைப்பது வீண். கலைஞர் உச்சத்தில் ஒரு விருத்தம் பாடும்போதே வைக்க வேண்டும். இல்லையென்றால் வேடம் உள்ளே வந்ததும் குரல் கரகரக்கும். கூத்தை மக்கள் சுற்றிலும் இருந்து பார்ப்பதால் ஸ்பீக்கர்கள் களத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். ஆடுபவர் ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் மைக் ஊளையிடும்.

டிரான்ஸ்மிட்டரின் இரண்டு பென்சில் பேட்டரிகள் விடியும்வரை தாங்கும் என்று எண்ணக் கூடாது. நடு இரவில், கலைஞர் திரைக்குப் பின்னால் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். எவ்வளவு நல்ல செட்டானாலும், கம்பி மைக் ஒன்றைக் களத்தோரம் தயாராக வைத்திருப்பவரே விவரமான மைக்செட்காரர்.