மணத்திற்குப் பால் உண்டோ?

கனிமணம் கமழும் அத்தரைப் பூசிய இளைஞனைக் கண்டு, "இது பெண்கள் பூசுவதன்றோ?" என்று நகைப்போர் உளர். மணத்தில் ஆண், பெண் என்னும் பேதம் உண்டோ?

விடை காணப் பொகவந்தலாவைத் தேயிலைத் தொழிற்சாலையொன்றின் மேல்மாடிக்குச் செல்லலாம். அங்கே கொழுந்து பரப்பி வாட்டப்படுகின்றது. ஈரம் குறையக் குறையப் பச்சிலை நெடி அகன்று, கனிந்த பழத்தின் மணம் எழுகின்றது. ஜனவரி முதல் மார்ச் வரை, உலர்ந்த குளிர்காற்று வீசும் நாட்களில், தேயிலையின் மணம் சிறந்து விளங்கும்.

வாட்டும்போதும் உருட்டும்போதும் வெளிப்படும் மணப்பொருள்களுள் லினலூல், ஜெரானியோல் இரண்டும் முக்கியமானவை. முன்னது பர்கமொட் என்னும் எலுமிச்சையினக் கனியின் தோலிலும், பின்னது ரோஜாவிலும் உண்டு. வாசனைத் திரவியம் செய்வோரும் இவற்றைக் கையாளுகின்றனர். 1994இல் வெளிவந்த 'சீகே ஒன்' என்னும் திரவியம், பர்கமொட், அன்னாசி, பப்பாசி ஆகியவற்றின் சாயலோடு பச்சைத் தேயிலை மணத்தையும் சேர்த்து, இருபாலார்க்கும் பொதுவென விற்கப்பட்டது. மேனாட்டுக் கடைகளில் அது புதுமையாகப் பேசப்பட்டது. திருமண வாயிலில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒரே செம்பிலிருந்து பன்னீர் தெளிக்கும் தமிழர்க்கோ, அது பழைய வழக்கமே.

எனினும், மணம் அணிவோரின் இயல்போடு இசைதல் வேண்டும். கனிமணம் மென்மையானது, விரைவில் கலைவது. பகட்டை நாடாது, எவரோடும் எளிதிற் பழகுவோர்க்கே அது பொருந்தும். தாம் சென்ற பின்னும் தம் வாசனை சபையில் நிலைக்க வேண்டுமென விழைவோர்க்கு அது போதாது.

கொழுந்தைக் கொய்பவை பெரும்பாலும் பெண்களின் கைகள். தொழிற்சாலையில் அதனை அரைப்பவை பெரும்பாலும் ஆண்களின் கைகள். அதன் மணம் யாருக்குரியது என்று பிரித்துரைக்க எவரால் இயலும்?