கரிசல் மைதானங்கள் - 9: பாட்டி மறுத்த வேலை

1964 அக்டோபர், டோக்கியோ ஒலிம்பிக். நூறு மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு முன்னால் பாப் ஹேஸ் பையைத் திறந்தால் ஸ்பைக் ஷூவில் ஒன்றைக் காணோம். இரவல் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினார். அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது கிளறிப்போடப்பட்டிருந்த முதல் தடம். ஆனாலும் தங்கம் அவருக்குத்தான். ஃப்ளோரிடாவின் கடலோர நகரமான ஜாக்சன்வில்லில் பிறந்த அந்தக் கறுப்பின இளைஞர், அடுத்து அமெரிக்கக் கால்பந்துக்குப் போனார். 1972இல் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியுடன் அந்த ஆட்டத்தின் உச்சப் பட்டமான சூப்பர் பவுலை வென்றார். ஒலிம்பிக் தங்கமும் சூப்பர் பவுல் மோதிரமும் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

வறுமையில் வளர்ந்த பையனின் வேகத்துக்கு அந்த நாட்டில் விலை கொடுக்க ஆட்டம் ஒன்று காத்திருந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளின் கால்களுக்கு எது காத்திருந்தது?

2021 ஜூலை 30. ஹேஸ் ஓடிய அதே இடத்தில் புதிதாகக் கட்டிய அரங்கம். 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ஒருவர் ரேவதி வீரமணி. மதுரைக்குப் பக்கம் சக்கிமங்கலத்துப் பெண். அணி தகுதிச் சுற்றோடு வெளியேறியது. அதனால் என்ன? நான் பார்ப்பது அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழியை.

சிறு வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். கூலி வேலைக்குப் போன பாட்டி ஆரம்மாள்தான் ரேவதியையும் தங்கையையும் வளர்த்தார். 'பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு' என்று ஊரார் சொன்னார்கள். பாட்டி கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினார். வெறுங்காலில் ஓடிய பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுகொண்டார். ஓட்டப் பயிற்சிக்கு விடப் பாட்டி முதலில் தயங்கினார். கண்ணன் எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்தன. பிறகு ரயில்வேயில் வேலை. பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 விநாடியில் கடந்து, டோக்கியோவுக்குப் போகும் அணியில் இடம் பிடித்தார்.

அந்தப் பாட்டியின் மறுப்பு எவ்வளவு பெரியது என்று சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விடியுமுன்னே கம்பெனி பஸ் கிராமங்களுக்குள் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் விரல்கள்தான் தேவைப்பட்டன. கால்கள் நாளெல்லாம் மடங்கிக் கிடந்தன. வானம் பார்த்த பூமியில் அந்தக் கூலி அடுப்பெரியப் போதுமானதாக இருந்தது. பெற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தக் குழந்தை உழைப்பை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசாங்கம் அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலை தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் சொன்னது. பிள்ளையை வெளியே எடுத்தால் வீட்டில் விழும் ஓட்டையை அந்தத் தீர்ப்பு கவனித்திருந்தது. அதற்கு முன்பு போன தலைமுறைகளில் எத்தனை ஓட்டக்காரிகள் இருந்தார்கள் என்பதை எந்த ஸ்டாப் வாட்ச்சும் அளந்ததில்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

இன்று நம் பக்கத்தில் ஓட்டத்துக்குக் கிடைக்கும் விலை, வேலைதான். ரயில்வே, காவல்துறை, தமிழக அரசுப் பணியில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு. 'ஓடினால் சோறு போடுமா?' என்று கேட்கும் வீட்டில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். பதக்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே போனால் வரும் கமுதிப் பக்கத்துக்காரர் நாகநாதன் பாண்டி. கட்டட வேலைக்குப் போய்க்கொண்டே படித்து ஓடியவர், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ்காரர் ஆனார். டோக்கியோவுக்குப் போன ஆண்கள் தொடர் ஓட்டக் குழுவில் அவர் பெயரும் இருந்தது.

(தொடரும்)