வலிக்காத புண்ணை நம்பாதீர்கள்

கடைக்குள் செருப்பில்லாமல் நிற்பது நம் வணிகர்களின் வழக்கம். கல்லாவுக்குத் தரும் மரியாதை அது. அந்த வழக்கத்தால் நான் ஒரு காலையே இழக்க இருந்தேன்.

எனக்கு 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். 2023 தீபாவளி நேரம், கிட்டங்கியில் கிடந்த கோணி ஊசி பாதத்தில் ஏறியது. எனக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தக் கறையைப் பார்த்துக் கணக்குப்பிள்ளைதான் சொன்னார். வலிக்கவில்லையே என்று மஞ்சள் பற்றுப் போட்டேன். பண்டிகை வியாபாரம் முடியட்டும் என்று பத்து நாள் கடையில் நின்றேன். அதன்பின் பாதம் வீங்கி, நாற்றம் எடுத்து, குளிர்காய்ச்சலும் வந்துவிட்டது.

மருத்துவர் விளக்கினார். நெடுநாள் சர்க்கரை நரம்பைக் கெடுப்பதால் வலி தெரிவதில்லை. ரத்தக் குழாயும் அடைபட்டால் புண் ஆறுவதில்லை.

காலை எடுக்காமல் காப்பாற்ற நான்கு காரியங்கள் வேண்டும். அழுகிய சதையை நீக்கிச் சீழை வெளியேற்றி, கிருமிக்கு ஏற்ற மருந்து கொடுப்பது ஒன்று. டாப்ளர் கருவியால் ரத்த ஓட்டத்தைப் பார்த்து, அடைப்பிருந்தால் பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்வது இரண்டு. இன்சுலினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது மூன்று. புண் மீது உடல் பாரம் விழாமல் காப்பது நான்கு.

நான்காவதுதான் நமக்குக் கடினம். மருந்து வைத்துக்கொண்டு அந்தப் புண்ணின் மேலேயே நடப்பது, ஓட்டைச் சாக்கில் அரிசி கொட்டுவது போலத்தான். எனக்குச் சீழ் வற்றியபின், ரத்த ஓட்டம் நன்றாக இருந்ததால் மாவுக்கட்டுப் போட்டார்கள். பாரத்தை அது பாதம் முழுவதும் பரப்பிவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1950களில் தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற பாதங்களுக்குப் பயன்படுத்திய முறைதான் இது. பிற்காலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது.

மூன்று மாதம் மகன் கடையைப் பார்த்தான். சுண்டுவிரல் போயிற்று; கால் நிலைத்தது.

சர்க்கரை உள்ள வணிக அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: கடைக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு அணியுங்கள். போடுமுன் உள்ளே தடவிப் பாருங்கள். ஆணியை பிளேடால் அறுக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை பாத உணர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் சோதியுங்கள். சிறு புண்ணானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கம், கருப்பு, காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

இரவில் கல்லாவை எண்ணி முடித்ததும், கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பண்டிகை அடுத்த ஆண்டும் வரும். போன கால் வராது.