திரைக்கு முன்னால் இருப்பவர் யார்?

"மகள், பட்டன் எல்லாம் எங்க போச்சி?"

இடைவேளை மணி அடித்து ஐந்து நிமிடங்கூட ஆகியிருக்கவில்லை. எமது கல்லூரி நூலகத்தில் புத்தகம் எடுக்கவும் கொடுக்கவும் மாணவிகள் வரிசையில் நின்றார்கள். நூலகப் பொறுப்பாசிரியை கணினித் திரையைக் காட்டி என்னிடம் கேட்ட கேள்வி அது. உயர்தரத்தில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் நான், நூலகத்துக்கென இரவல் பதிவுச் செயலி ஒன்றைச் செய்து கொடுத்திருந்தேன். திரை வெள்ளையாகக் கிடந்தது. அன்று இணைய இணைப்பு இல்லை. செயலியின் பொத்தான்கள், பட்டியல்கள், திகதிப் பெட்டி எல்லாம் எங்கோ தூரத்திலுள்ள ஒரு சேவையகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் வந்திறங்கும்படி நான்தான் அமைத்திருந்தேன்.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. மேசை இலாச்சியைத் திறந்து பழைய சீ.ஆர். கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். அன்று கொப்பியில் எழுதிய பதிவுகளைப் பிறகு கணினியில் ஏற்றும்போது ஒன்று விடுபட்டுப்போனது. இரண்டு வாரங்கழித்து, புத்தகத்தை உரிய நாளில் திருப்பிக் கொடுத்திருந்த ஆறாந்தரத் தங்கை ஒருத்தியிடம் "புத்தகம் எங்கே?" என்று கேட்க நேர்ந்தது. அவள் அழுதுவிட்டாள். கொப்பியைப் புரட்டிப் பார்த்த பின்னரே உண்மை தெரிந்தது. கருவியை நான் பிழையாகத் தெரிவு செய்ததன் விலையை அந்தப் பிள்ளை கொடுத்தாள்.

அதன் பின்னர் நான் தேடிக் கற்றவற்றை, மென்பொருள் செய்ய விரும்பும் தங்கைகளுக்காகவும், "இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்?" என்று யோசிக்கும் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

தையல் தெரிந்தவர்களுக்கு இந்த விடயம் எளிதில் விளங்கும். சட்டை தைக்கும்போது பொத்தானையும் சிப்பையும் நாமே செய்வதில்லை. கடையில் வாங்கித் தைக்கிறோம். அதுபோலவே, ஒரு செயலியின் பொத்தான், எழுத்துப் பெட்டி, பட்டியல், நாட்காட்டி போன்றவற்றை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக எழுதுவதில்லை. யாரோ செய்து வைத்த தொகுதியிலிருந்து எடுத்துப் பொருத்துகிறார்கள். பயனர் கண்ணால் கண்டு கையால் தொடும் பகுதியைப் பயனர் இடைமுகம் என்கிறோம். அதைக் கட்டுவதற்கு ஆயத்தமாகக் கிடைக்கும் துண்டுகளின் சேர்க்கையே கூறுத் தொகுதி. விலை உயர்ந்த பொத்தான் என்பதற்காக அதைக் குழந்தையின் சட்டையில் தைப்போமா? யார் உடுத்துவது, எத்தனை முறை கழுவுவது என்றுதானே முதலில் பார்ப்போம்.

இக்கருவிகளை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பார்க்கலாம். முதலாவது, கணினியிலேயே நிறுவி இயக்கும் மேசைச் செயலிகளுக்கானவை. பைதன் மொழியுடன் சேர்ந்தே வரும் டிகின்டர் இவ்வகை. நோர்வே நாட்டில் உருவாகி 1995 இல் வெளிவந்த கியூட் என்பதும் இவ்வகையே. நாம் வீடியோ பார்க்கும் வி.எல்.சி. செயலியின் முகப்பு கியூட் கொண்டு கட்டப்பட்டது. மைக்ரோசொஃப்ட்டின் விண்டோஸ் ஃபோர்ம்ஸ் 2002 முதல் இருக்கிறது.

இரண்டாவது, உலாவியில் திறக்கும் இணையச் செயலிகளுக்கானவை. டுவிட்டர் நிறுவனத்தில் பிறந்து 2011 இல் வெளியான பூட்ஸ்ட்ராப், பக்கத்துக்கு ஒழுங்கான தோற்றம் தரும் ஆயத்தத் தொகுதி. ஃபேஸ்புக் நிறுவனம் 2013 இல் திறந்த மூலமாக வெளியிட்ட ரியாக்ட், திரையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கட்ட உதவுவது. இரண்டுக்கும் நடுவில் இலெக்ட்ரோன் என்று ஒன்றும் உண்டு. அது இணையப் பக்கத்தை மேசைச் செயலியாக மாற்றித் தரும். ஆனால் ஒவ்வொரு செயலியுடனும் முழு உலாவி இயந்திரத்தையே சேர்த்துப் பொதி செய்வதால், சிறிய செயலிகூட நூறு மெகாபைற்றைத் தாண்டிவிடும். நினைவகம் குறைந்த பழைய கணினிக்கு அது பெருஞ்சுமை.

இவற்றில் எது சிறந்தது? நானும் முதலில் இதைத்தான் கேட்டேன். கேள்வியே பிழை. திரைக்கு முன்னால் யார் இருக்கப்போகிறார், எந்த இடத்தில், எந்த மொழியில், எத்தனை வருடத்துக்கு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஒரே கணினியில் ஒருவர் மாத்திரம் பாவிப்பதென்றால் மேசைச் செயலி போதும். பல கணினிகளிலிருந்து பலர் பார்ப்பதென்றால் இணைய வழி நல்லது. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே நிறுவத் தேவையில்லை. இங்கே நான் அறியாமலிருந்த ஒரு விடயம் உண்டு. இணையச் செயலி என்றால் வெளியுலக இணைப்புக் கட்டாயம் என்றில்லை. நூலகத்திலுள்ள ஒரு கணினியே சேவையகமாக இருந்து, பக்கத்துக் கணினிக்குப் பக்கங்களைக் கொடுக்கலாம். வேண்டிய கோப்புகள் எல்லாம் அந்தக் கணினியிலேயே இருந்தால் சரி.

இரண்டாவது மொழி. எமது நூலகத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம், அறபு ஆகிய நான்கு மொழிகளிலும் நூல்கள் உள்ளன. ஆங்கில எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் போதும். தமிழ் அப்படியல்ல. "சொல்" என்று எழுதும்போது ஒகரத்தின் குறி, சகரத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கணினியின் உள்ளே அது ஒரே குறியீடாக இருந்தாலும், திரையில் இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். அறபில் எழுத்து வலமிருந்து இடம் செல்வதோடு, சொல்லின் தொடக்கம், நடு, இறுதி என்ற இடத்துக்கேற்ப உருவமும் மாறும். இந்த ஒழுங்கைச் செய்யத் தெரியாத கருவியில் எழுத்துகள் உடைந்து, பிரிந்து, தலைகீழாக வரும். இன்றைய உலாவிகள் இதை நன்றாகச் செய்கின்றன. ஆனால் எல்லா மேசைக் கருவிகளும் ஒரே அளவுக்குச் செய்வதில்லை. ஆகவே தெரிவு செய்யுமுன் நாலு மொழியிலும் நாலு நூற்பெயரைத் தட்டச்சுச் செய்து பார்த்துவிட வேண்டும். பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பயனரின் கண்ணும் கையும். நான் முதலில் எடுத்த தொகுதியில் எழுத்துகள் மெல்லிய சாம்பல் நிறம். எனக்கு அது மிக நாகரிகமாகத் தெரிந்தது. டீச்சரோ, "கண்ணுக்கு விளங்குதில்ல மகள்" என்று திரைக்கு அருகே குனிந்து குனிந்து பார்ப்பார். இதற்கு உலகளாவிய வழிகாட்டல் இருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டலின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. நான் வைத்திருந்த சாம்பல் நிறம் 3க்கு 1ஐக்கூட எட்டவில்லை.

பார்வையற்றவர்கள் திரை வாசிப்பான் என்ற மென்பொருளின் துணையோடு கணினியைப் பாவிக்கிறார்கள். அது திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும். எச்.டி.எம்.எல். மொழியில் இயல்பாகவே உள்ள பொத்தானைப் பாவித்தால், "இது பொத்தான்" என்று வாசிப்பானுக்குத் தானாகவே தெரியும். விசைப்பலகையாலும் அதை அழுத்தலாம். வெறும் பெட்டியொன்றை வரைந்து, நிறம் பூசி, பொத்தான்போல் காட்டினால் கண்ணுள்ளவர் ஏமாறலாம், வாசிப்பான் ஏமாறாது. அதற்கு அங்கே பொத்தானே இல்லை. நல்ல கூறுத் தொகுதிகள் இதைக் கவனித்துச் செய்யப்பட்டிருக்கும். சுட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, டப் விசையால் மட்டும் எல்லா இடத்துக்கும் போக முடிகிறதா என்று பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் தரம் தெரிந்துவிடும்.

நான்காவது ஆயுள். ஒரு காலத்தில் இணையமெங்கும் நிறைந்திருந்த ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் முடிந்தது. மைக்ரோசொஃப்ட்டின் சில்வர்லைட் 2021 இல் முடிவுக்கு வந்தது. அவற்றை நம்பிக் கட்டியவர்கள் எல்லாவற்றையும் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. பிறர் செய்த துண்டுகளை அளவுக்கு மிஞ்சிச் சேர்ப்பதிலும் ஆபத்து உண்டு. 2016 இல் வெறும் 11 வரிகள் கொண்ட ஒரு சிறு நிரல் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டபோது, அதில் தங்கியிருந்த எத்தனையோ மென்பொருள்களின் கட்டுமானப் பணி உலகெங்கும் தடைப்பட்டது. நாளை நான் பல்கலைக்கழகம் போய்விட்டால் இந்தச் செயலியைத் தொடர்வது இன்னொரு மாணவி. அவளுக்கு விளங்கக்கூடிய, பாடத்தில் படித்த கருவியாக இருப்பது புதுமையைவிட முக்கியம்.

ஐந்தாவது செலவும் உரிமமும். பெற்றோர் அறிய வேண்டியது, பூட்ஸ்ட்ராப், ரியாக்ட் போன்றவை எம்.ஐ.டி. உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உரிமக் குறிப்பை நீக்காமல் வைத்துக்கொண்டு எதற்கும் பாவிக்கலாம். கியூட் போன்றவற்றைத் திறந்த மூல நிபந்தனைகளை ஏற்று இலவசமாகவும், பணம் கொடுத்து வர்த்தக உரிமத்திலும் பெறலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியவற்றைத் திருட்டுப் பிரதியாகப் பாவிப்பது பிறர் உழைப்பை அபகரிப்பதே. நல்ல இலவசக் கருவிகள் நிறைந்திருக்க, அதற்கு அவசியமும் இல்லை. விலையுயர்ந்த கணினியும் வேண்டியதில்லை. இக்கருவிகளைப் பழகச் சாதாரண, பாவித்த கணினி ஒன்றே போதும்.

இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு செயலியை மீண்டும் கட்டினேன். டிகின்டரை யோசித்தேன். இலகுவானது, இணைய இணைப்புத் தேவையில்லை. ஆனால் பதிவு மேசையில் ஒன்றும், மாணவிகள் நூல் தேட ஒன்றுமாக இரண்டு கணினிகள் இருந்தன. திரை வாசிப்பானோடு அது சரியாகப் பேசாது என்ற குறையும் இருந்தது. அதனால் உலாவி வழியையே மீண்டும் எடுத்தேன். இம்முறை பைதனில் எழுதிய சிறு சேவையகம் நூலகக் கணினியிலேயே ஓடுகிறது. பூட்ஸ்ட்ராப்பின் ஒரு பதிப்பை இறக்கி அங்கேயே வைத்துவிட்டேன். பொத்தானும் பெட்டியும் எச்.டி.எம்.எல்.இன் இயல்பான கூறுகள். எழுத்து கறுப்பு, பின்னணி வெள்ளை. அறபுப் பெயர்கள் வலமிருந்து ஒழுங்காக வருகின்றன. பார்க்க முந்தியதைவிட எளிமைதான். தோழி ஒருத்தி "பழைய காலத்துப் பக்கம் மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

ஒப்படைக்குமுன் டீச்சரைக் கதிரையில் இருத்தி, நான் பக்கத்தில் பேசாமல் நின்றேன். அதுவரை நான் ஒருநாளும் செய்யாத சோதனை அது. மூன்று இடங்களில் தடுமாறினார். மூன்றையும் திருத்தினேன்.

தங்கைகளே, நீங்களும் ஒரு கருவியைத் தெரிவு செய்யுமுன் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். சுட்டியை ஒதுக்கிப் பாருங்கள். உங்கள் மொழிகளில் எழுதிப் பாருங்கள். பாவிக்கப்போகிறவரை இருத்திப் பாருங்கள். யார் என்ன எடுத்தார், என்ன கொடுத்தார் என்ற பதிவு ஓர் அமானிதம். அதைத் தாங்கும் செயலியும் அமானிதமே.

சென்ற தவணையில் மறுபடியும் ஒருநாள் இணைய இணைப்பு இல்லாமற்போனது. இடைவேளையில் பதறிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன். வரிசை வழமைபோல நகர்ந்துகொண்டிருந்தது. இணைப்பு இல்லாததே டீச்சருக்குத் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன்.