தடுத்ததைச் சொல்ல எதற்கு இத்தனை கூச்சல்?

பிள்ளைகள் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்க, பெற்றோர் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் கொச்சியின் மட்டாஞ்சேரியில் நிறைய உண்டு. மின்கட்டணம், ஓய்வூதியம், பேரப்பிள்ளையின் முகம் எல்லாமே அங்கே ஒரு கணினி வழியாகத்தான் வருகின்றன. அந்தத் திரையின் வலது மூலையில், ‘ஊடுருவல் முயற்சி தடுக்கப்பட்டது’ என்று ஃபயர்வாலின் சிவப்புப் பெட்டி ஓயாமல் எட்டிப் பார்த்தால், யாரோ நம் வீட்டையே குறிவைத்திருக்கிறார்கள் என்று தோன்றுவது இயல்பு. அநேகமாக யாரும் குறிவைக்கவில்லை. தடுத்துவிட்டேன் என்று சொல்கிற அறிவிப்பு, தடுத்த காரியத்தோடு முடிந்துபோனது. அதனால் வரும் பயம்தான் முடிவதில்லை. ஃபயர்வால் தடுத்த ஆபத்தைவிட, அதன் அறிவிப்புகள் வீட்டில் வளர்த்துவிடும் பயமும் பழக்கமும் பெரிய ஆபத்து என்பது என் கட்சி.

இணையத்தில் ஒரு முகவரி இருந்தாலே போதும், யாராவது வந்து தட்டிப் பார்ப்பார்கள். ஐ.பி.வி-4 முறையில் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகள். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய ஒரு நிரல், ஒரே கணினியையும் ஒரு கிகாபிட் இணைப்பையும் வைத்துக்கொண்டு அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிவிட்டு வந்தது. இன்று அதே வேலையை ஆய்வாளர்கள் செய்கிறார்கள், திறந்துகிடக்கும் கருவிகளைப் பட்டியல் போடும் தேடுபொறிகள் செய்கின்றன, திருடர்களும் செய்கிறார்கள். போதாக்குறைக்கு, கணினிக்குக் கணினி தானாகத் தாவும் நிரல்களான, செத்தும் சாகாத புழுக்கள். 2003 ஜனவரி 25 அன்று கிளம்பிய ஸ்லாம்மர் புழுவின் அளவு வெறும் 376 பைட். தான் பிடிக்கக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்தது. பல ஆண்டுகள் கழிந்த பின்பும் 1434 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் அந்த எண்ணுள்ள வாசலில், அதன் தட்டல் ஓயவில்லை. 2016-ல் வந்த மிராய், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடித்தேடிப் பிடித்து, உச்சத்தில் ஆறு லட்சம் கருவிகளைச் சேர்த்தது. அதன் வாரிசுகள் இன்னும் அலைகின்றன. இதில் மட்டாஞ்சேரி, மன்னார்குடி என்ற பேதம் கிடையாது. (ஸீ-மீ-வீ 3, சேஃப் ஆகிய கடலடிக் கேபிள்கள் கரையேறிய ஊர் கொச்சி. அதனால்தான் இங்கே தொல்லை அதிகம் என்று யாராவது கதை விட்டால் நம்ப வேண்டாம்.) வரிசையில் உங்கள் எண் வந்தது, தட்டினார்கள், போய்விட்டார்கள்.

அந்தத் தட்டல் கணினி வரைக்கும் வருகிறதா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் வருவதில்லை. கேபிள்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போன ரௌட்டர், உள்ளேயிருந்து யாரும் கேட்காத எதையும் பொதுவாக வாசலிலேயே கீழே போட்டுவிடும். அப்படியானால் கணினியில் வரும் எச்சரிக்கை எங்கிருந்து கிளம்பியது? அறிவிப்பில் இருக்கும் முகவரியைப் பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் அந்த ‘ஊடுருவல்காரர்’ பெரும்பாலும் உங்கள் வீட்டு டிவி, பிரிண்டர், இல்லையென்றால் அந்த ரௌட்டரேதான். 1900, 5353 ஆகிய போர்ட்கள், ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் வழிகள். டிவி பிரிண்டரைத் தேடுவதை ஊடுருவல் என்று அலறும் மென்பொருளை என்ன சொல்வது?

இந்தக் கணக்கு தவறிப்போகும் இடம் ஒன்று மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் கண்முன்னே இருக்கிறது. பழைய வீடுகள் பல ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. விருந்தினருக்குக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் வைஃபை கடவுச்சொல்லும், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கைப் பார்க்கும் வைஃபையும் ஒன்றாகவே இருந்தால், 192.168 என்று தொடங்கும் முகவரி ஊர் பேர் தெரியாத ஒரு லேப்டாப்பாக இருக்கலாம். அங்கே அந்த அறிவிப்புக்கு அர்த்தம் உண்டு. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை புழு பரவியபோது, கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் பூட்டப்பட்டன. ஒரு கணினியில் நுழைந்துவிட்டால், 445 என்ற போர்ட் வழியாக அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றுக்கும் தாவுவதுதான் அதன் வழி. அது நுழையப் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிவிப்புகளை எண்ணிக்கொண்டிருந்ததால் தப்பித்தவர் யாரும் இல்லை, அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் ரௌட்டரில் விருந்தினருக்கென்று தனி நெட்வொர்க் ஒன்றைத் திறந்துவிட்டால் இந்தக் கவலையில் பெரும்பகுதி தீர்ந்தது. புது ரௌட்டர்கள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது, கேபிள்காரரிடம் கேட்டால் செய்து கொடுப்பார்.

இன்னொரு வகை, அனுமதி கேட்கும் பெட்டி. ஏதாவது ஒரு புரோகிராம் வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் காதைத் திறந்து வைக்கும்போது விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும் கேள்வி அது. இதை மட்டும் நின்று படிக்க வேண்டும். நீங்கள் இப்போதுதான் நிறுவிய புரோகிராமா, பெயர் தெரிந்ததா, டெம்ப் மாதிரி தற்காலிக ஃபோல்டரிலிருந்து ஓடுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் மறுத்துவிடலாம். வெளியே போகும் இணைப்பை விண்டோஸ் வழக்கமாகத் தடுப்பதில்லை என்பதால், மறுத்த பிறகும் பல புரோகிராம்கள் ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் நாள் முழுக்க வெற்றுக் கூச்சலைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இந்தப் பெட்டியும் இன்னொரு கூச்சல்தான். கை தானாக ‘அனுமதி’யை அழுத்திவிட்டுப் போகும்.

இது வெறும் ஊகம் இல்லை. 2013-ல் அமெரிக்காவில், பிரவுசர்கள் காட்டிய இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை எடுத்துவைத்து ஆராய்ந்தார்கள். வைரஸ் உள்ள தளம், மோசடித் தளம் என்று வந்த எச்சரிக்கைகளை மீறிப் போனவர்கள் கால்வாசிக்கும் குறைவு. சான்றிதழ் சரியில்லை என்ற புரியாத எச்சரிக்கையை, குரோம் பிரவுசரில் 70 சதவீதம் பேர் மீறிப் போனார்கள். மனிதர்கள் அசட்டைக்காரர்கள் என்பதற்கு இதில் சாட்சி இல்லை. சொல்வது விளங்கினால் கேட்கிறார்கள், விளங்காததையே திரும்பத் திரும்பச் சொன்னால் காதை மூடிக்கொள்கிறார்கள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மிளகுக் கிடங்கின் இரவுக் காவல்காரர், தெருவில் நடந்துபோகிற ஒவ்வொருவருக்காகவும் முதலாளியை எழுப்பினால், பூட்டு உடையும் இரவில் முதலாளி எழுந்திருக்க மாட்டார்.

அப்படியானால் ஏன் கத்துகிறது? 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்ததிலிருந்து, ஃபயர்வால் கணினியோடேயே, இயங்கும் நிலையில் வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் காவலுக்குமேல் இன்னொரு காவலுக்கு வருடச் சந்தா வாங்க வேண்டுமானால், வேலை நடப்பதைக் காட்டியாக வேண்டும். ‘இந்த வாரம் இத்தனை தாக்குதல்களைத் தடுத்தோம்’ என்ற அறிவிப்பு, சந்தா முடியும் தேதி நெருங்கும்போது கூடுதலாகக் கண்ணில் படுவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எச்சரிக்கை குறைந்தால் அலட்சியம் கூடும், வயதானவர்கள் கொஞ்சம் பயந்திருப்பதே நல்லது என்று சொல்கிறவர்களும் உண்டு. பதிவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தடுத்தவை எல்லாம் லாக் கோப்பில் கிடக்கட்டும், தேவைப்பட்டால் விவரம் தெரிந்தவர் எடுத்துப் பார்க்கட்டும். திரையில் குதிப்பது, வீட்டுக்காரர் ஏதாவது செய்தே ஆகவேண்டிய ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும்.

அந்தக் கொஞ்சம் பயம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் என் பெரிய கவலை. பயந்து பழகிய கண்ணுக்கு அசலும் போலியும் ஒன்று. ஏதோ ஒரு தளத்தில் தெரியாமல் ‘நோட்டிஃபிகேஷனை அனுமதி’ என்று அழுத்தியிருப்பார்கள். அன்றிலிருந்து அதே வலது மூலையில், அதே சிவப்பில், ‘ஃபயர்வால் செயலிழந்தது’, ‘ஐந்து வைரஸ்கள்’ என்று பெட்டிகள் வரும். அழுத்தினால் திரை முழுக்க எச்சரிக்கை, சைரன் சத்தம், கணினியை அணைக்காதே என்ற கட்டளை, அழைக்க ஒரு தொலைபேசி எண். எடுப்பவர் தொழில்நுட்ப உதவியாளர் போலப் பேசி, கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார். அதற்குப் பிறகு எந்த ஃபயர்வாலும் உதவாது, கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர் அல்லவா! 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அதில் அகப்பட்டவற்றில் இப்படிப் பாப்-அப் காட்டி வெளிநாட்டினரை ஏமாற்றிய கால் சென்டர்களும் இருந்தன. வெளிநாட்டுப் பாட்டிகளிடம் பழகிய கை உள்ளூருக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?

2025-ல் மட்டாஞ்சேரிப் பெண்மணி ஒருவர், போலீஸ் போல நடித்துத் தொலைபேசியிலேயே மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ மோசடியில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல் இழந்தார். அது ஃபயர்வால் அறிவிப்பில் தொடங்கிய கதை இல்லை. ஆனால் இரண்டின் இலக்கணமும் ஒன்று: அதிகாரத் தொனி, புரியாத குற்றச்சாட்டு, அவசரம், யாரிடமும் பேசாதே என்ற கட்டளை. சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏமாறுகிறார்கள் என்றால், அறிவுக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அதிகாரத் தொனியில் வரும் எந்தப் பெட்டிக்கும் குரலுக்கும் உடனே பணிய வேண்டும் என்று நம் வீட்டுத் திரைகளே வருடக்கணக்காகப் பயிற்சி கொடுத்துவருகின்றன.

அதனால் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக இன்னொரு ஆன்டிவைரஸ் வாங்கிப் போடாதீர்கள். அப்பா, அம்மாவின் கணினியில் அமர்ந்து விண்டோஸ் அப்டேட்டை முடித்து, ரௌட்டரின் கடவுச்சொல்லை மாற்றி, பிரவுசரில் நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்றிருக்கும் தளங்களை நீக்கி, பாதுகாப்பு மென்பொருளின் தகவல் அறிவிப்புகளை அணைத்துவிட்டுப் போங்கள். அசல் ஃபயர்வால் எதுவும் தொலைபேசி எண் கொடுத்து அழைக்கச் சொல்லாது என்பதை, கணினி பக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தப் பணத்தைக் கணக்கிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.