மோட்டாரும் முன்னறிவும்

மின்தூக்கி ஒன்று மேல்மாடியை நெருங்குகின்றது. உள்ளிருப்போர் சிறு குலுக்கலையும் உணராவண்ணம் அது நிற்றல் வேண்டும். மோட்டார் விரைந்து சுழலுங்கால் மறைந்துகிடக்கும் குறைகள் மெல்லச் சுழலுங்கால் வெளிப்படும். அக்குறைகளுட் சில மோட்டாரைச் சார்ந்தவையல்ல; அதற்கு மின்சாரம் ஊட்டும் இன்வெர்ட்டரைச் சார்ந்தவை.

நேர்திசை மின்சாரத்தை மாறுதிசை மின்சாரமாக்குவது இன்வெர்ட்டர். அதனுள் மூன்று இணை மின்னணுச் சுவிட்சுகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. 'இம்மின்னழுத்தத்தைக் கொடுத்தால் அடுத்த கணத்தில் மின்னோட்டம் எவ்வளவாகும்?' என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அவற்றை ஏவும் முறையும் உண்டு. ஹோல்ட்ஸ், ஸ்டாட்ஃபெல்ட் என்னும் அறிஞர் இருவர் 1983-இல் இத்தகைய முறையொன்றை வெளியிட்டனர்.

கணக்கு நன்றே, ஆயினும், ஏவிய மின்னழுத்தம் முழுவதும் மோட்டாரைச் சென்றடைவதில்லை. ஓர் இணையின் இரு சுவிட்சுகளும் ஒருங்கே மூடினால் குறுக்குச்சுற்று உண்டாகும். ஆதலால், ஒன்று திறந்தபின் மற்றொன்று ஏறக்குறைய 2 மைக்ரோ நொடி காத்திருக்கின்றது. இஃது அற்பமன்றோ எனத் தோன்றலாம். 540 வோல்ட்டில், நொடிக்கு 10,000 முறை இவ்வாறு நேர்ந்தால், இழப்பு ஏறத்தாழ 11 வோல்ட்டாகும். 300 வோல்ட்டு வேண்டும் விரைவில் இது பொருட்டன்று; 20 வோல்ட்டே போதும் மெல்லோட்டத்திலோ பாதிக்கு மேல் போய்விடும். வாய்க்காலில் ஊறிப்போகும் நீரை மடை நிறையப் பாயுங்கால் எவரும் எண்ணார். கோடையிலன்றோ அதன் அருமை தெரியும்!

இவ்விழப்பை அறியாத கட்டுப்பாட்டுக் கருவி பொய்க்கணக்கே போடும். மின்னோட்ட அலை சுழியைக் கடக்கும் இடங்களில் தட்டையாகும்; மோட்டாரின் முறுக்குவிசை ஒவ்வோர் அலைச்சுற்றிலும் ஆறு முறை துடிக்கும்.

இழப்பையும் கணக்கிற் சேர்ப்பதே பரிகாரம். மின்னோட்டம் மோட்டாரை நோக்கிச் சென்றால் மின்னழுத்தம் குறையும். திரும்பி வந்தால் மிகும். ஆனால், மின்னோட்டம் சுழியை அண்டும்போது அதன் திசையைத் துணிதல் அரிது. திசையைப் பிழைபட உணர்ந்து திருத்தினால் பிழை இரட்டிக்கும், மருந்தே நோயாகிவிடும். அன்றியும், சுவிட்சுகள் சிறிதளவு மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் இயல்பின. ஆதலால் ஆங்கே பிழை திடுமென மாறாது, படிப்படியாகவே மாறுகின்றது.

ஆகவே பொறியியலார், மோட்டாரை அசையாது நிறுத்தி, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துகின்றனர். ஏவிய மின்னழுத்தத்திற்கும் சுருளின் மின்தடை கொள்ளும் மின்னழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, வளைகோடாக வரைந்து, அதனைக் கணக்கிற் புகுத்துகின்றனர். இன்வெர்ட்டர் சூடேறுந்தோறும் சுவிட்சுகளின் இயல்பு மாறுமாதலின், ஓடும்போதே அவ்வளைகோட்டைத் திருத்திக்கொள்ளும் கருவிகளும் உள.