கருவியைத் தெரிதல்

ஒரு செயலில் இறங்குமுன் ஐயமற எண்ணவேண்டியவை ஐந்தென வகுத்த வள்ளுவர், அவற்றுள் கருவிக்கும் ஓர் இடம் கொடுத்தார். வகுப்பறையில் அக்குறளுக்குப் பலமுறை பொருள் சொல்லியிருக்கிறேன். ஆயினும் அதன் பொருள் எனக்கு உள்ளபடி விளங்கியது, மோட்டார் சைக்கிள் திருத்தும் ஒரு கொட்டிலிலேதான்.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்குவோம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் முற்றாக எரிவதுமில்லை. எரியாத மிச்சம் புகையாய்ப் போனது போக, பிஸ்ரனின் தலையிலும் சிலிண்டர் மூடியிலும் கரியாய்ப் படிந்தது.

என்னுடைய பழைய யப்பானிய வண்டியும் ஒருநாள் மூச்சுத் திணறி நின்றது. காசுக்குத் தயங்கி நானே அதைக் கழற்றினேன். காபரேற்றரினுள் எண்ணெயை அளந்துவிடும் ஜெற் என்பது பித்தளையாலான சிறு உறுப்பு. அதன் துளை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்தது. அத்துளையை அடைத்திருந்த பிசினை உருக்குக் கம்பியாற் குடைந்தேன். மூடியின் கரியைச் சமையற் கத்தியாற் சுரண்டினேன். யாவும் பளபளத்தன, என் உள்ளமும் குளிர்ந்தது. ஆனால் பூட்டி ஓடியபோது வண்டி கரும்புகை கக்கிற்று. ஒரு போத்தல் எண்ணெயில் முன்பு சென்ற தூரத்தை அது எட்டவில்லை. மூடியின் விளிம்பிலும் காற்றுக் கசிந்தது. போத்தற் கணக்கில் எண்ணெய் வாங்கிய அந்நாளில் இது சிறிய இழப்பன்று.

அயலிலிருந்த முதிய திருத்துநரிடம் சென்றேன். அவர் ஜெற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"மாஸ்டர், இதை என்னத்தாலை குத்தினனீங்கள்?"

"கம்பியாலை."

"அழுக்கு எடுக்கேக்கை அழுக்கு மட்டுந்தான் வரவேணும், மாஸ்டர். நீங்கள் பித்தளையையும் எடுத்துப்போட்டியள்."

துளையின் விட்டம் பத்திலொரு பங்கு பெருத்தால், அதன் பரப்பு 21 வீதம் பெருகும். கண்ணுக்குத் தெரியாத என் கைப்பிழை எண்ணெயைக் குடித்த கணக்கு அதுவே.

அன்று அவரிடம் கற்ற விதி இது: துப்புரவாக்கும் கருவி அழுக்கைவிட வன்மையானதாகவும், காக்கவேண்டிய உலோகத்தைவிட மென்மையானதாகவும் இருத்தல் வேண்டும். அலுமினிய மூடியை அவர் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பனஞ் சலாகையிற் சீவிய தட்டைத் துண்டாற் கரி களைந்தார். ஜெற்றுக்குத் தங்கூசி நூலும் சைக்கிள் பம்பியின் காற்றுமே போதுமென்றார். இரும்பின் அழுக்குப் போக்கும் காஸ்ரிக் சோடாவை அலுமினியத்தின் அருகே விடலாகாது. அது உலோகத்தையே அரித்துவிடும்.

கருவியின் பிறப்பையும் அறிதல் வேண்டும். 1841இல் ஜோசப் விற்வேத் இங்கிலாந்தில் வகுத்த திருகாணி அளவை, பி.எஸ்.ஏ. போன்ற பழைய ஆங்கில வண்டிகளில் நெடுங்காலம் வழங்கிற்று; மில்லிமீற்றர் ஸ்பனர்கள் அவற்றுக்குச் செவ்வையாய்ப் பொருந்தா. யப்பானிய வண்டியின் குறுக்குவெட்டுத் திருகாணியோ, 1936இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ் திருகாணியைப் போலத் தோன்றும்; ஆனால் அதுவன்று. பிலிப்ஸ் திருப்புளி அதன் அடிவரை இறங்காது மேலெழும்பித் தலையைச் சிதைத்துவிடும்.

மீளப் பூட்டும்போதும் இவ்விழிப்பு வேண்டும். அலுமினியத்தில் இறங்கும் 6 மில்லிமீற்றர் திருகாணிக்கு ஏறத்தாழ 10 நியூற்றன் மீற்றர் முறுக்கே போதும். நீண்ட ஸ்பனரால் வலிந்து இறுக்கினாற் புரி அறுந்துவிடும். வால்வைப் பொருத்த இடும் தேய்ப்புப் பசை மட்டுமே உலோகத்தைத் தேய்ப்பதற்கென அமைந்தது. அதனையும் முற்றாகக் கழுவாவிடின், நாம் நினையாத இடங்களையும் அது தேய்த்துவிடும்.

பெரியவர் தம் தகரப் பேணியிலிருந்து வேறொரு ஜெற்றை எடுத்துப் பூட்டித் தந்தார். கெட்டுப்போனதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்றும் அது என் மேசைமேல் இருக்கின்றது. இயந்திரத்தைச் சீர்செய்வதையும் மாணவனின் கட்டுரையைச் சீர்செய்வதையும் திருத்துதல் என்ற ஒரே சொல்லாலே நம் மொழி குறிக்கின்றது. சிவப்பு மைப் பேனாவைக் கையிலெடுக்கும்போதெல்லாம் அந்தப் பித்தளைத் துண்டை ஒருகணம் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளையின் பிழை மட்டும் வரவேண்டும். அவனுடைய சொல்லும் சேர்ந்து வந்துவிடக் கூடாது.